படம் பார்த்த பிறகு நாவலைக் கேட்டு வருபவர்களைப் புத்தகக் கடைக்காரர்கள் மட்டமாக நினைப்பார்களா?

மாட்டார்கள். அப்படி நினைப்பவர் இந்தத் தொழிலுக்கே வந்திருக்கக் கூடாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், எங்கோ ஒரு கடையில் கல்லாவில் இருந்தவர் உங்களை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார், நீங்களும் வாங்காமலே திரும்பிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. புத்தகம் விற்றே பிழைப்பவன் நான். எனக்கு அது வலிக்கிறது.

பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பகுதி 2022 செப்டம்பரில் வந்தது, இரண்டாவது 2023 ஏப்ரலில். இடைப்பட்ட மாதங்களில் ஓர் அம்மா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாத பெண். “கப்பல் மூழ்கியதோடு படத்தை முடித்துவிட்டார்கள். அதற்கு அப்புறம் நடந்தது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்று அவள்தான் கேட்டாள். சுழற்காற்று என்ற இரண்டாம் பாகத்தை எடுத்து, புயலும் கடலும் வரும் கடைசி அத்தியாயங்களைக் காட்டினேன். அதன் தொடர்ச்சி கொலை வாள் என்று மூன்றாம் பாகத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவள் நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அலமாரி ஓரத்தில் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார். நிறையப் படித்தவர். “முதல் பாகத்தைத் தொடாமல் மூன்றாம் பாகமா? சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எதற்குப் புத்தகம்?” என்றார், அவர்கள் காதில் விழும்படியே. வரியின் மேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அம்மா, “பரவாயில்லை, அப்புறம் வருகிறோம்” என்று கிளம்பப் பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. “ஐயா, இந்தக் கதை 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அன்றைக்கு எல்லோரும் முதல் இதழிலிருந்தா படித்தார்கள்? பக்கத்து வீட்டிலிருந்து வந்த இதழில் எந்த வாரம் கிடைத்ததோ, அங்கே தொடங்கியவர்கள் எத்தனை பேர்! இந்தக் குழந்தை மூன்றாம் பாகத்தில் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர்கள் கொலை வாளை வாங்கிப் போனார்கள். பிறகு முதல் பாகமான புது வெள்ளத்துக்கும் வந்தார்கள். வராமலே இருந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

விற்பனைக்காகப் பேசுகிறான் என்று சிலர் சொல்வார்கள், தெரியும். விற்றால்தான் கடை நடக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் படத்தின் கதையே அப்படியே இருக்கும் என்று சொல்லி நான் யாரிடமும் எதையும் விற்றதில்லை. அசுரன் 2019இல் வந்தபோது, 1982இல் வெளியான பூமணியின் வெக்கையைத் தேடிப் பலர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தேன்: படத்தில் தந்தையின் பழைய வாழ்க்கைக்குப் பெரிய இடம் உண்டு, நாவல் தலைமறைவாகத் திரியும் மகனின் கூடவே போகிறது, இரண்டும் வேறு வேறு அனுபவம் என்று. உதிரிப்பூக்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் புதுமைப்பித்தனின் சிற்றன்னையைக் கேட்பவர்களிடமும், அது சின்னக் கதை, படத்தில் பார்த்ததெல்லாம் அதில் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டும் வாங்கத்தான் செய்கிறார்கள்.

என் ஆத்திரமெல்லாம் வேறு இடத்தில். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அது நல்லதுதான். ஆனால் ஐந்து பாகக் கதையை ஒரே புத்தகமாகச் சுருக்கிவிட்டு, சுருக்கம் என்ற சொல்லை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அது வாசகரை ஏமாற்றும் வேலை. அதைவிட மோசம், உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நாவல்களை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுவது. கேட்டால் இலக்கியச் சேவை என்கிறார்கள். எழுதியவருக்கு அதில் ஒரு காசு போகிறதா? இதைச் செய்பவர்களில் பலர், படம் பார்த்துவிட்டு வருபவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் அதே தீவிர வாசகர்கள்தான். பெயர் சொல்ல விரும்பவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் படம் என்று நீங்கள் எழுதவில்லை. நாவலின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. நீங்கள் தேடுவது பொன்னியின் செல்வன் என்றால், வாங்குமுன் பொருளடக்கத்தைப் புரட்டி, புது வெள்ளம் முதல் தியாகச் சிகரம் வரை ஐந்து பாகங்களும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.