நிலையம் வந்தது, நகரம் பின்னால் வந்தது

கேள்வி: நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறதே, அங்கே அவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டியபோது அது நடுவாகவே இல்லை. 42-வது தெருவுக்குத் தெற்கே நீராவி எஞ்சின் வரக்கூடாது என்று தடை இருந்ததால், ரயில் முதலாளி கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1871-ல் முதல் நிலையத்தை அந்தத் தெருவிலேயே, அன்றைக்கு ஊரின் ஓரமாகக் கிடந்த இடத்தில் கட்டினார். ஊர் வளர்ந்து வந்து அதைச் சூழ்ந்துகொண்டது. ஆனால் நிலையத்துக்கு வடக்கே பல தெருக்கள் நீளத்துக்குத் திறந்த தண்டவாளமும் புகையும்தான், ஊரையே இரண்டாகப் பிளந்து கிடந்தது.

1902 ஜனவரியில் பார்க் அவென்யூ சுரங்கத்தில் புகைக்கு நடுவே சிக்னலைத் தவறவிட்ட ஒரு ரயில், நின்றிருந்த இன்னொரு ரயிலில் மோதி அங்கேயே 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நீராவி எஞ்சின்களுக்குத் தடை வந்தது. ரயில் கம்பெனியின் பொறியாளர் வில்லியம் வில்கஸ் சொன்ன யோசனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: ரயிலை மின்சாரத்தில் ஓட்டினால் புகை இருக்காது, புகை இல்லையென்றால் தண்டவாளத்தை இரண்டு அடுக்காகப் பூமிக்குள் இறக்கி மூடிவிடலாம், மூடிய இடத்துக்கு மேலே கட்டடம் கட்டும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அந்தப் பணத்தில் செலவைச் சமாளிக்கலாம். அப்படித்தான் நடந்தது. 1913-ல் இப்போதைய நிலையம் திறந்தது, புகை மண்டிய இடம் பார்க் அவென்யூ என்ற பணக்காரத் தெருவானது. 1931-ல் திறந்த வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல்கூட தண்டவாளத்துக்கு மேலேதான் நிற்கிறது. எல்லோரும் அந்த நிலையத்தின் பெரிய கூடத்தைப் படம் எடுக்கிறார்கள், சரி, அழகுதான். ஆனால் நகரத்தை மாற்றியது கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஓடும் அந்த இரண்டு அடுக்குதான்.

கேள்வி: அதை இடிக்கப் பார்த்தார்களாமே?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரம் எழுப்பப் பார்த்தார்கள். அதற்கு முன்பே, அதே நியூயார்க்கில் 1910-ல் திறந்த பென்சில்வேனியா நிலையம் என்ற இன்னொரு ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கட்டடம் கண்முன்னே போனதில் மக்கள் கொதித்துப்போனார்கள், 1965-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி நகர நிர்வாகம் கோபுரத்துக்கு அனுமதி மறுத்ததும் ரயில் கம்பெனி வழக்குப் போட்டது; அதிபர் கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் போன்றவர்கள் நிலையத்துக்காக வெளிப்படையாகப் போராடினார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இடித்த பென்சில்வேனியா நிலையத்தின் ரயில்கள் இன்றும் அதே இடத்தில், ஒரு விளையாட்டு அரங்கத்துக்கு அடியில்தான் வந்து நிற்கின்றன.