பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்க எப்படி விண்ணப்பிப்பது?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் குழறுகிறது, தமிழ்நாட்டில் அரசு உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டாலும் இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்வார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அது கடைசியில். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உங்கள் அப்பாவுக்குப் பாதிப்பு எத்தனை விழுக்காடு என்று எழுதுகிறார் பாருங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. என் அண்ணனுக்காக அலைந்தவள் நான், அதனால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்பை, அது வந்து 6 மாதம் ஆன பிறகுதான் அளக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுமுறை. நான்காவது மாதத்தில் அழைத்துப் போனால் "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. சிலருக்குக் கை கால் திரும்பி வருகிறது.

6 மாதம் ஆனதும் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் யூடிஐடி அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைக்கு, விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது. ஆதார், புகைப்படம், கையெழுத்து அல்லது கைரேகை கேட்கும், மாவட்டத்தில் எந்த மருத்துவமனை என்றும் கேட்கும். பிரவுசிங் சென்டரில் போடச் சொன்னால் பக்கத்திலேயே நில்லுங்கள். அவசரத்தில் தன் செல்போன் நம்பரையே போட்டுவிடுவார்கள். பிறகு ஓடிபி வரும்போதெல்லாம் அவர் கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் போன பிறகு மருத்துவமனையில் பரிசோதனை, சான்றிதழ், அப்புறம் அட்டை.

இனி அண்ணன் கதைக்கு வருகிறேன். அவருக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, "சரி". தண்ணீர் வேண்டும் என்றாலும் "சரி", வேண்டாம் என்றாலும் "சரி". கோபம் வந்தால் "சரி சரி சரி". மூளையில் பேச்சு இருக்கும் பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுமாம். வீட்டில் எங்களுக்கு அந்தச் சரியின் ஏற்ற இறக்கம் எல்லாம் பழகிவிட்டது.

சான்றிதழ் கொடுக்கும் நாளில் சரியான கூட்டம். அண்ணியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள், நான் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "தனியா நடப்பீங்களா?" என்றாராம். "சரி." "நீங்களே சாப்பிட்டுக்குவீங்களா?" "சரி." "நான் பேசறது புரியுதுல்ல?" "சரி." முடிந்தது. சான்றிதழில் கை கால் பாதிப்பு 60 விழுக்காடு. பேச்சு என்ற சொல்லே அதில் இல்லை.

60 நல்ல எண்தானே என்று நினைப்பீர்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு போன்றவற்றுக்குத்தான் 40 போதும்.

ஆஸ்பத்திரியிலேயே ஒருவரிடம் பேச்சையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். "பேச்சுக்கெல்லாம் தனியா கிடையாதும்மா" என்றார். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடையாதுதான், அதில் இருந்தது 7 வகை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் தனியாகவே இருக்கிறது. மூளைப் பாதிப்பால் பேச்சு போவதும் அதில் அடக்கம். இதை அவரிடம் சொன்னபோது என்னை வக்கீலா என்று கேட்டார். வக்கீலாக இருந்தால்தான் சட்டம் படிக்க வேண்டுமா?

சான்றிதழில் உடன்பாடு இல்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று விதி இருக்கிறது. நாங்கள் அப்படி எழுதிக் கொடுத்தோம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு மனு போட்டோம். மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். பேச்சுப் பயிற்சியாளர் உட்கார வைத்துப் படம் காட்டி, பேர் சொல்லச் சொல்லி, பொறுமையாகப் பார்த்தார். பேச்சுக்கு 50 விழுக்காடு.

60-உம் 50-உம் 110 ஆகாது. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90-இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 60-உடன் 16.67 சேர்ந்து 77. அந்தப் பதினேழுதான் 75 என்ற எல்லையைத் தாண்ட வைத்தது. உங்கள் அப்பாவுக்கும் பேச்சு குழறுகிறது என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பேச்சையும் அளக்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். அப்பாவைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள்.

நடிக்கச் சொல்கிறாள் என்று யாராவது கிளம்புவார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாததைச் சொல்லச் சொல்லவில்லை. நம் ஆட்கள் டாக்டரைப் பார்த்ததும் விறைப்பாக உட்கார்ந்து, "ஏதோ நடக்கிறேன் சார், நானே பார்த்துக்கிறேன்" என்று சமாளிப்பார்கள். அன்றைக்கு ஒரு நாளாவது அந்தக் கௌரவம் வேண்டாம். குளிப்பாட்டுவது யார், சட்டை பட்டன் போடுவது யார், ராத்திரி பாத்ரூமுக்கு யார் தூக்கிவிடுகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அரசுக் காசுக்கு அலைகிறார்கள் என்று எங்கள் சொந்தத்திலேயே பேசினார்கள். பேசினவர்கள் யாரும் ஒரு வேளை வந்து பார்த்துக்கொள்ளவில்லை.

சொந்தம் என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் ஏன் மேடையை மாடியிலும் பந்தியைக் கீழேயும் வைக்கிறார்கள்? லிஃப்ட் இருந்தாலும் அதில் காய்கறி மூட்டை ஏறிக்கொண்டிருக்கும். அண்ணன் தன் மச்சினர் மகள் கல்யாணத்தில் கெட்டிமேளத்தைப் பந்திக் கூடத்தில் உட்கார்ந்துதான் கேட்டார். சாம்பார் வாளியோடு போகிறவர் எல்லாம் "முதல் பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு அத்தை, வீட்டிலேயே விட்டுட்டு வந்திருக்கலாமே என்றார். அதற்கும் அண்ணன் "சரி" என்றார். அந்தச் சரி எந்தச் சரி என்று எனக்குத் தெரியும்.

பணம் தரும் இடங்கள் இரண்டு, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 40 விழுக்காட்டிலிருந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் வறுமை நிலை பார்ப்பார்கள். 2023 ஜனவரியில் இது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. இ-சேவையில் போட்டால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாருக்குப் போகும். இன்னொன்று நான் மேலே சொன்ன பராமரிப்பு உதவித்தொகை. எங்களுக்கு மாதம் 2,000 வருகிறது. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அந்த அலுவலகம் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. முன்னது வந்துகொண்டிருந்தால் அதை நிறுத்திய பிறகுதான் பின்னது.

நீங்கள் சம்பளம் வாங்குபவர், பழைய வருமான வரிமுறையில் இருப்பவர் என்றால், உங்களைச் சார்ந்திருக்கும் அப்பாவுக்காக வருமானத்தில் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், 80 விழுக்காடு முதல் 1,25,000. இதற்கும் அதே சான்றிதழ்தான்.

6 மாதம் ஆக மீதி இருக்கும் இரண்டு மாதத்தில் பேங்க் வேலையை முடியுங்கள். வலது கை போனவருக்குப் பழைய கையெழுத்து வராது. எங்களுக்கு ஒரு கிளையில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அண்ணனின் சொந்தப் பணத்தையே தராமல் திருப்பி அனுப்பினார்கள். கைரேகைக்கு மாற்ற முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கணக்கில் ஆதாரும் இணைந்திருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் லேமினேட் செய்யாதீர்கள், சீல் வைக்கக் கேட்பார்கள். ஜெராக்ஸை மட்டும் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.