கிளப் லேடரில் ரேங்க் எப்படி ஏறுகிறது, சிலர் மட்டும் ஏன் இறங்குவதே இல்லை?

கேள்வி: "பேட்மிண்டன் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். லேடரில் 20ஆவது, அதாவது கடைசி இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மேலே இருக்கும் நாலைந்து பேரைப் பயிற்சி ஆட்டத்தில் சுலபமாக ஜெயித்துவிடுகிறேன். இந்த ரேங்கிங் எப்படித்தான் நடக்கிறது? முதல் ஐந்து இடத்தில் இருப்பவர்கள் ஆடியே நான் பார்த்ததில்லையே, அவர்கள் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?"

கடைசியில் போட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆட்டத்தைப் பார்த்து மார்க் போட்டு யாரும் உங்களை 20ஆவது ஆக்கவில்லை. லேடர் என்பது ஒரு வரிசை மட்டும்தான். புதிதாக வருபவர் வரிசையின் கடைசியில் நிற்பது பெரும்பாலான கிளப்களில் வழக்கம். நான் ஸ்குவாஷ் லேடரில் சில வருடங்கள் ஆடியவன், பிறகு அதையே நடத்தியும் பார்த்தவன். டென்னிஸ், டேபிள் டென்னிஸ், செஸ் என்று எந்த ஆட்டமானாலும் அடிப்படை ஒன்றுதான்.

எல்லோர் பெயரும் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கு மேலே சில இடங்களுக்குள் இருப்பவரை நீங்கள் சேலஞ்ச் செய்யலாம். அந்த எல்லை கிளப்புக்குக் கிளப் மாறும். இரண்டிலிருந்து ஐந்து இடம் வரை சாதாரணமாகப் பார்க்கலாம். ஜெயித்தால் அவருடைய இடம் உங்களுக்கு. தோற்றால் இருவரும் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள் என்பதை லேடர் பார்ப்பதே இல்லை. கடைசி கேமில் 22-20 என்று தப்பிப் பிழைத்தாலும், 21-5, 21-5 என்று அடித்து நொறுக்கினாலும் ஒரே பலன்தான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எல்லை மூன்று இடம் என்று வைத்துக்கொள்வோம். 20இலிருந்து 17, 14, 11, 8, 5, 2 என்று ஆறு வெற்றியில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடலாம். ஏழாவது மேட்ச் முதலிடத்துக்கு. ஒவ்வொரு சேலஞ்சும் ஆடி முடிய இரண்டு வாரம் இழுத்தால் 14 வாரம். அதற்குள் கீழேயிருந்து யாராவது உங்களை சேலஞ்ச் செய்து ஜெயித்தால் கணக்கு இன்னும் நீளும். அதனால் நல்ல ஆட்டக்காரர் கீழே கிடப்பதில் ஆச்சரியமே இல்லை. அவர் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லேடரைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது. சேலஞ்ச் செய்கிறவர் தோற்றால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. சேலஞ்ச் செய்யப்பட்டவர் ஜெயித்தாலும் அவருக்கு எந்த லாபமும் இல்லை. மேலே இருப்பவரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் வியர்வை சிந்தி ஆடி ஜெயித்தால் கிடைப்பது ஏற்கெனவே இருக்கும் இடம். தோற்றால் இறக்கம். ஆடாமலேயே இருந்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. விதிகள் கட்டாயப்படுத்தாத வரை, மேலே இருப்பவருக்கு உங்கள் மெசேஜுக்குப் பதில் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே நல்லது. இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. முதலிடத்தில் இருப்பவரின் நிலைமை இன்னும் மோசம்: அவர் சேலஞ்ச் செய்ய மேலே யாருமே இல்லை.

லேடர் விதிகள் என்று நோட்டீஸ் பலகையில் இருப்பவை பெரும்பாலும் இந்த ஒரு கோணலைச் சரிசெய்யத்தான். சேலஞ்சுக்கு இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும், மறுத்தால் வாக்ஓவர், வாக்ஓவர் என்றால் தோற்றதாகவே கணக்கு. ஒரே ஆளை உடனே மறுபடி சேலஞ்ச் செய்யக் கூடாது என்பது மறுபக்கத்துக்கான பாதுகாப்பு. இல்லாவிட்டால் இழக்க எதுவும் இல்லாத ஒருவர் வாராவாரம் ஒரே ஆளைத் துரத்திக்கொண்டிருப்பார். ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரு சேலஞ்ச்தான் என்பதும் அப்படித்தான். உங்கள் கிளப்பில் முதல் ஐந்து பேர் ஆடுவதே இல்லை என்றால், காலக்கெடு எழுத்தில் இல்லை, அல்லது எழுத்தில் இருந்தும் அதை அமல்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான். கூடவே விளையாடும் சீனியர் ஒருவருக்கு வாக்ஓவர் போடுவது லேடர் நடத்துகிறவருக்குச் சங்கடமான வேலை. நான் நடத்தியபோது எனக்கு வந்த புகார்களில் ஆட்டத்தைப் பற்றியவை மிகக் குறைவு. "அவர் டேட் கொடுக்கவே மாட்டேன் என்கிறார்" என்பதுதான் நிறைய.

இதனால்தான் ஆடாமல் இருப்பவரைத் தானாகவே இறக்கும் விதி கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வேன். ஒரு மாதம் ஒரு மேட்ச்கூட ஆடவில்லையா, இரண்டு இடம் கீழே. ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் ஏடிபி ரேங்கிங் 1973இல் தொடங்கியது. அதில் ஒரு போட்டியில் வாங்கிய புள்ளி 52 வாரம் வரைதான் கணக்கில் நிற்கும். அடுத்த வருடம் வந்து மறுபடி சம்பாதிக்காவிட்டால் உதிர்ந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவரை அந்த முறையே கீழே இறக்கிவிடுகிறது. லேடரில் வெற்றிக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆகவே தனியாக ஒரு விதி போட்டால்தான் உண்டு. காயம், வெளியூர்ப் பயணம் போன்றவற்றுக்கு விலக்கு கொடுக்கலாம். திரும்பி வரும்போது பழைய இடத்திலிருந்து சில படி கீழே சேர்ப்பது நியாயம்.

அப்புறம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் கிளப்பில் ஜெயித்தால் இடம் மாறுவது எப்படி? இரண்டு முறை இருக்கிறது. ஒன்பதாம் இடத்தில் இருப்பவர் ஆறாம் இடத்தில் இருப்பவரை ஜெயிக்கிறார் என்று வையுங்கள். முதல் முறையில் இருவரும் அப்படியே இடம் மாற்றிக்கொள்வார்கள். ஆறு ஒன்பதுக்குப் போவார். நடுவில் இருக்கும் ஏழும் எட்டும் அசையவே மாட்டார்கள். இரண்டாவது முறையில் ஜெயித்தவர் ஆறில் நுழைவார், பழைய ஆறு ஏழுக்கும், ஏழு எட்டுக்கும், எட்டு ஒன்பதுக்கும் தள்ளப்படுவார்கள்.

முதல் முறை தோற்றவருக்குக் கொடுமை. ஒரு மோசமான மாலை, மூன்று படி போச்சு. அதனால் அவர்கள் ஆடவே பயப்படுவார்கள். இரண்டாவதில் அவருக்கு இழப்பு ஒரே ஒரு படி, ஆகவே சேலஞ்சை ஏற்க மனசு வரும். ஆனால் ஏழும் எட்டும் "நாங்கள் ரேக்கெட்டையே தொடவில்லை, எங்களை ஏன் இறக்கினீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் எனக்கு இந்த முறையில் பிடித்ததே. தொடாமல் இருந்தால் இறங்குவோம் என்று தெரிந்தவர் அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வந்துவிடுவார். லேடரின் உண்மையான வேலை ஆட்களை ஆட வைப்பது என்று நினைப்பவன் நான். அதனால் என் ஓட்டு இரண்டாவதுக்கே.

லேடரில் இருக்கும் இடத்தைத் திறமையின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மேலே வரிசையாக மூன்று பேர்: அ, ஆ, இ. ஆட்ட பாணியின் காரணமாக அ எப்போதும் ஆவை ஜெயிப்பார், ஆ எப்போதும் இயை ஜெயிப்பார், ஆனால் இயின் ஆட்டம் மட்டும் 'அ'வுக்கு ஒத்துவராது. இ, 'அ'வை சேலஞ்ச் செய்து ஜெயிக்கிறார்: இரண்டாவது முறைப்படி வரிசை இ, அ, ஆ. உடனே ஆ, இயை ஜெயிக்கிறார்: ஆ, இ, அ. பிறகு அ, ஆவை ஜெயிக்கிறார்: அ, ஆ, இ. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். யாருடைய ஆட்டமும் ஒரு துளி மாறவில்லை, மூவரும் ஒரு சுற்று முதலிடத்தைப் பார்த்துவிட்டார்கள். யார் எந்த வாரம் யாரை ஆடினார் என்பதைப் பொறுத்து வரிசை மாறுகிறது. எனவே இன்று நான்காம் இடத்தில் இருப்பவர் ஆறாம் இடத்தில் இருப்பவரைவிடச் சிறந்தவர் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

திறமையை அளக்க வேண்டுமானால் செஸ்ஸில் இருக்கும் எலோ ரேட்டிங் மாதிரி ஒன்று வேண்டும். இயற்பியல் பேராசிரியர் அர்பாத் எலோ வகுத்த முறை அது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும் உலக அமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. அதில் 1700 ரேட்டிங் உள்ளவரும் 1500 உள்ளவரும் மோதினால், பெரியவர் ஆட்டப் புள்ளிகளில் சராசரியாக 76 சதவீதத்தை எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஒரு ஆட்டத்தின் அதிகபட்ச மாற்றம் 20 என்று வைத்தால், சின்னவர் ஜெயித்தால் சுமார் 15 ரேட்டிங் புள்ளி ஏறுவார். தோற்றால் 5 இறங்குவார். பெரியவர் ஜெயித்தாலும் அவருக்கு அந்த 5 கிடைக்கும். நான் மேலே சொன்ன கோணல் இங்கே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தன் இடத்தைத் தற்காத்து ஆடுபவருக்கும் ஏதோ கிடைக்கிறது. ஆனால் இருபது பேர் கிளப்புக்கு அது தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான். ரேட்டிங் எண் அடுத்து யாருடன் ஆட வேண்டும் என்று சொல்லாது. லேடர் சொல்லும், அதுவும் பேப்பரும் பென்சிலும் இருந்தால் போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் நடத்துகிறவரிடம் போய், புதியவர்களுக்கு ஒரு தடவை மட்டும் நடுவில் இருக்கும் யாரையாவது சேலஞ்ச் செய்ய அனுமதி உண்டா என்று கேளுங்கள். சில கிளப்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். இல்லை என்றால் ஒவ்வொரு முறையும் எல்லைக்குள் இருக்கும் மிக உயர்ந்தவரையே பிடியுங்கள்; தோற்றால் போவது ஒன்றுமில்லை என்பதால் பக்கத்துப் படியில் இருப்பவரைப் பிடிப்பதில் அர்த்தமில்லை. சேலஞ்ச் செய்யும்போதே இரண்டு மூன்று தேதியும் நேரமும் கொடுத்துவிடுங்கள், நடத்துகிறவர் பார்க்கும் இடத்தில் கொடுங்கள். பின்னால் வாக்ஓவர் கேட்க வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். கோர்ட் புக் செய்வதும் புது ஷட்டில் கொண்டுவருவதும் பல இடங்களில் சேலஞ்ச் செய்தவர் பொறுப்பு. அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள், பதிவாகும் வரை வரிசை மாறாது.

ஒரு தந்திரத்தை மட்டும் தெரிந்து வைத்திருங்கள். மேலே இருப்பவர் தன் நண்பரைவிட்டுத் தன்னையே சேலஞ்ச் செய்ய வைத்து, தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நேரத்தில் ஒரு சேலஞ்ச்தான் என்பதால் உங்களால் உள்ளே நுழைய முடியாது. இப்படி நடப்பதாகத் தோன்றினால் அவருடன் சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கு அடுத்த படியில் இருப்பவரை சேலஞ்ச் செய்து நகருங்கள், கெடு தாண்டிய சேலஞ்சை ரத்து செய்யும்படி நடத்துகிறவரிடம் எழுதிக் கேளுங்கள்.

இரட்டையர் லேடருக்கும் இதே விதிகள்தான். ஆனால் அதில் ரேங்க் ஜோடிக்குரியது, ஆளுக்குரியது அல்ல. கூட்டாளியை மாற்றினால் பெரும்பாலும் மறுபடி கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.