ஃபான்கோனி அனீமியாவும் குழந்தையின் கிட்னியும்: கேள்வி பதில்

(ஃபான்கோனி அனீமியா, ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் பிறவிக் கோளாறு. அது உள்ள குழந்தைகளின் பெற்றோர் கேட்டவற்றுக்குச் சிறுநீரக மருத்துவரின் பதில்கள்.)

கேள்வி: மகனுக்கு ஃபான்கோனி அனீமியா. ரத்த நோய்க்கு வயிற்று ஸ்கேன் எதற்கு?

பதில்: கோளாறு மஜ்ஜையில் மட்டும் இல்லை. டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் மரபணு உடம்பின் எல்லாச் செல்களிலும் கெட்டிருக்கிறது. அதனால் கருவில் கட்டைவிரல் சரியாக உருவாகாமல் போவதுபோல் கிட்னியும் பாதிக்கப்படலாம். ஒரு கிட்னி இல்லாமலே பிறப்பது, இடுப்புக்குள் இறங்கியிருப்பது, இரண்டும் குதிரை லாட வடிவில் ஒட்டியிருப்பது எல்லாம் இவர்களிடம் சகஜம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். இந்தக் குழந்தைகளின் செல்கள் கதிர்வீச்சைத் தாங்காது என்பதால், யாராவது கதிர்வீச்சு உள்ள சி.டி. ஸ்கேன் எழுதினால் வேறு வழி உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: ஃபான்கோனி என்றால் சிறுநீரில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் போகும் என்று படித்தேன். பயமாக இருக்கிறது.

பதில்: அது ஃபான்கோனி சிண்ட்ரோம், வேறு நோய். சுவிட்சர்லாந்து மருத்துவர் கைடோ ஃபான்கோனியின் பெயரே இரண்டுக்கும் வந்துவிட்டது. உங்கள் மகனுக்கு அது தானாக வராது, மருந்தால் வரலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 6 வயது, உயரம் 100 செ.மீ. கிரியேட்டினின் 0.7. லேப் ரிப்போர்ட்டில் 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. அந்த 0.6–1.2 பெரியவர்களுக்கான அளவு. குழந்தைகளுக்கு உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்: 0.413-ஐ உயரத்தால் (செ.மீ.) பெருக்கி, கிரியேட்டினினால் வகுங்கள். கிட்னி எவ்வளவு வேகமாக ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதை இந்த எண் காட்டும். உங்கள் மகளுக்கு 59 வருகிறது. இந்த வயதில் 90-க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது, நார்மல் என்று அச்சான ரிப்போர்ட்டுக்குள்ளேயே கிட்னியின் வேலைத்திறன் கணிசமாகக் குறைந்திருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, கிட்னிதான் அதை வெளியேற்றும். இந்தக் குழந்தைகள் பலரும் குட்டையாக, மெலிந்து இருப்பார்கள். தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும், நிஜ நிலைமை அந்த 59-ஐ விட மோசமாக இருக்கலாம். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனைக்குத் தசைக் கணக்கு தேவையில்லை. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனையைத் திரும்பச் செய்து, இந்த வாரமே சிறுநீரக மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ரத்தம் ஏற்றி ஏற்றி இரும்பு சேர்ந்துவிட்டது. அதை வெளியேற்ற டெஃபெராசிராக்ஸ் மாத்திரை தருகிறோம். வாந்தி பேதி வந்தால்?

பதில்: அன்றே நிறுத்திவிட்டு மருத்துவருக்கு போன் செய்யுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மாத்திரை கிட்னியை வேகமாகக் கெடுக்கும். மேலே சொன்ன ஃபான்கோனி சிண்ட்ரோமையும் இது உண்டாக்கலாம். மாதம் ஒருமுறை கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் தவறாமல் பாருங்கள்.

கேள்வி: காய்ச்சலுக்கு மெஃபனமிக் ஆசிட் சிரப்?

பதில்: வேண்டாம். கிட்னிக்கும் ஆகாது, பிளேட்லெட் குறைந்த குழந்தைக்கு ரத்தக் கசிவும் கூடும். ஐப்யூபுரோஃபனும் அப்படித்தான். பாராசிட்டமால் தரலாம். ஆனால் வெள்ளணு குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் சிரப்.

கேள்வி: ஒரே கிட்னிதான். மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யலாமா? அக்காவின் மஜ்ஜை பொருந்துகிறது.

பதில்: அந்த ஒன்று நன்றாக வேலை செய்தால் செய்யலாம். சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கத் தரும் சைக்ளோஸ்போரின் கிட்னியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், பி.பி.யை ஏற்றும், மெக்னீசியத்தை வெளியேற்றும். ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்த்து டோஸை மாற்றுவார்கள். தொற்றுக்கு, கிட்னியைப் பாதிக்கக்கூடிய அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட நேர்ந்தால் ஒற்றைக் கிட்னி என்பதை நீங்களே ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். நைட் டியூட்டி டாக்டருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அக்கா பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் அவளுக்கும் இந்த நோயைக் கண்டறியும் குரோமோசோம் உடைவுப் பரிசோதனை கட்டாயம். அதே நோய் அறிகுறியில்லாமல் அவளிடமும் இருக்கலாம்.