பசைக்கு முன்னால்: பொம்மை வீடு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு, வணக்கம்.

பேத்தியின் ஏழாவது பிறந்தநாளுக்காக மரத்தாலான மாடிப் பொம்மை வீடு ஒன்றைக் கிட்டாக, அதாவது துண்டுகளை நாமே சேர்த்து ஒட்டும் தொகுப்பாக, வாங்கினேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவு. லேசரால் வெட்டிய 3 மில்லிமீட்டர் ப்ளைவுட். பலகைகளை எடுத்து மேசைமேல் பரப்பி வைத்த ஒரு வாரத்தில் சில வளைந்துவிட்டன. அப்படியே அழுத்தி ஒட்டிவிடலாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. பெட்டியின் படத்தில் இருப்பது கணப்படுப்பும் புகைபோக்கியும் கொண்ட ஆங்கிலேயர் வீடு. நான் வளர்ந்ததோ பினாங்கு ஜார்ஜ் டவுனின் லெபோ பசார் தெருவில், கீழே அப்பாவின் மளிகைக் கடையும் மேலே குடியிருப்புமாக இருந்த கடைவீட்டில். பழைய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு அதைக் காலி செய்தோம். பொம்மை வீட்டை அதைப்போல மாற்ற எனக்கு ஆசை. படத்தில் உள்ளபடி செய்வதுதான் முறை என்கிறான் மகன். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள அம்மையாருக்கு, வணக்கம்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பசைப் புட்டியைத் திறக்கும் முன்பே விடை கண்டாக வேண்டும் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். வளைந்த பலகையை அழுத்தி ஒட்டாதீர்கள். வீட்டை உங்கள் கடைவீடாகவே மாற்றுங்கள்.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஈரத்தை ஏற்கவும் விடவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும் அறையில் மரத்தின் எடையில் ஏறத்தாழ 7, 8 விழுக்காடு நீர் இருக்கும். ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே கழியும் நம் பினாங்கில் அது 15, 16 வரை ஏறும். மேசைமேல் கிடந்த பலகையின் மேற்பக்கம் அந்த ஈரத்தைக் குடித்து விரிந்திருக்கும். காற்றுப் படாத அடிப்பக்கம் அந்த அளவுக்கு விரிந்திருக்காது. வளைவுக்குக் காரணம் இவ்வளவுதான். குழிந்த பக்கத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, சமமான இரண்டு தடித்த பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓரிரவு விட்டுவிடுங்கள். நிமிர்ந்து காய்ந்ததும் இரண்டு பக்கங்களுக்கும் விளிம்புகளுக்கும் ஒரே நாளில் பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசிவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து மறுபடியும் வளையும். வளைவோடு ஒட்டிய பலகை பசை காயும்வரை பணிந்திருந்தாலும், பிறகு தன் இணைப்பையே மெல்ல மெல்லப் பிரிக்கப் பார்க்கும்.

கிட்டோடு வரும் விளக்கத்தாளில் பெரும்பாலும் முதலில் கட்டுவதும் கடைசியில் அலங்கரிப்பதுமாகவே வரிசை இருக்கும். நம் ஊருக்கு அந்த வரிசை பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. கூரை ஏறிய பிறகு மாடியறையின் மூலைக்குள் தூரிகையும் போகாது, விரலும் போகாது. பிரைமர் படாத அந்த மூலையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். ஆகவே, பசையே இல்லாமல் மாஸ்கிங் டேப்பை மட்டும் வைத்து வீடு முழுவதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எந்தச் சுவர் எந்தத் தரையைத் தொடுகிறது என்று பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண்ணெழுதிப் பிரித்துவிடுங்கள். லேசர் கருக்கிய விளிம்பை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்காவிட்டால் அந்தக் கரி வெள்ளை வண்ணத்தில் இழுபட்டுவிடும். துளைக்குள் செருகும் நாக்குகளையும், சுவரும் தரையும் ஒட்டும் கோடுகளையும் டேப்பால் மூடிவிட்டு வண்ணம் பூசுங்கள். நாக்கில் ஏறும் வண்ணத்தின் கனமே அது துளைக்குள் போகாமல் தடுத்துவிடும். பசையும் வெறும் மரத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். பிரைமர் மரநாரை எழுப்பும் என்பதால் காய்ந்ததும் மெதுவாக ஒருமுறை தேய்க்க வேண்டும். சுவருக்கு வண்ணம், தரைக்கு ஓடு, மரச்சாயம் வேண்டிய இடத்தில் சாயம் எல்லாம் பலகை தட்டையாகக் கிடக்கும்போதே முடிந்துவிட வேண்டும். சாயத்துக்கு முன்னால் பசை சிந்தினால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெளிறிய திட்டாக நின்றுவிடும்.

ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளை மரப்பசையே போதும். வழிந்ததை உடனே துடைத்து, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். சுவர்த்தாளுக்கும் அதே பசைதான். மைதா காய்ச்சி ஒட்டும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த ஈரத்தில் அது பூஞ்சையையும் கரப்பானையும் அழைத்து வரும். சன்னலின் கண்ணாடித் தகட்டுக்கு அருகில் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்ட இடம் வெள்ளையாக மங்கிப்போகும், துடைத்தாலும் எளிதில் போகாது.

இனி உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவில் செய்த வீடுகளில் புகழ்பெற்றது, புதுடில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் 1921 முதல் 1924 வரை மேரி அரசிக்காக உருவாக்கி, இன்று விண்ட்சர் கோட்டையில் இருப்பது. அதில் குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், நூலகத்தில் அக்கால எழுத்தாளர்கள் தங்கள் கையால் எழுதிய குட்டி நூல்கள் இருக்கும். தங்கள் காலத்து வீட்டை அவர்கள் அவ்வளவு அக்கறையோடு பதிந்து வைத்ததால்தான் அது இன்றும் பார்க்கப்படுகிறது. அதே அக்கறைக்கு லெபோ பசாரின் மளிகைக் கடையும் உரியதுதான். வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரி 1-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியல் முகப்பையும் கூரையையும் காக்கும். உங்களைப் போன்ற குடும்பங்கள் காலி செய்து போனபோது உள்ளே நடந்த வாழ்க்கையும் கூடவே போய்விட்டது. எந்த அலமாரி எந்தச் சுவரில் இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த அளவில் கணக்கு எளிது: உண்மையில் ஓரடி என்றால் இங்கே ஓரங்குலம். ஆகவே அஞ்சடிக்கு, அதாவது கடைவீட்டின் முன்னால் தெருவை ஒட்டிப் போகும் கூரையிட்ட நடைபாதைக்கு, ஐந்தே அங்குலம். முகப்புச் சுவரை உள்ளே தள்ளினால் துளைகள் எல்லாம் மாறிவிடும் என்பதால், 9 மில்லிமீட்டர் பலகையில் ஐந்தங்குலம் முன்னே நீண்ட அடித்தளம் ஒன்றை வெட்டச் சொல்லி, இரண்டு சதுரத் தூண்களும் ஒரு சாய்ப்பும் வைத்துவிடுங்கள். உண்மைக் கடைவீட்டில் மாடியே அஞ்சடிக்கு மேல் நீளும். இங்கே அதை விட்டுவிடலாம். கணப்படுப்பையும் புகைபோக்கியையும் பொருத்தவே வேண்டாம். அந்தப் பலகைகளிலிருந்து கடையின் கல்லாமேசைக்கு வேண்டிய மரம் கிடைத்துவிடும். பின்கட்டுச் சமையலறைக்குத் தகரக் கூரை வேண்டுமானால், 3 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண அட்டைப்பெட்டியின் மேல்தாளை இலேசாக நனைத்து உரித்தெடுங்கள். உள்ளே இருக்கும் நெளியின் இடைவெளி கிட்டத்தட்ட கால் அங்குலம். நெளிதகரத்தின் மூன்றங்குல இடைவெளியைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவதும் அதுவே. சாம்பல் வண்ணம் பூசி, ஆணிகள் இருக்கவேண்டிய வரிசையில் மட்டும் துருவின் செந்நிறத்தைத் தொட்டு வையுங்கள்.

துணியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அம்மாவின் பழைய புடவையை வெட்டித் திரைச்சீலையாக்க உங்களுக்குத் தோன்றும். ஓரங்குலப் பூ அங்கே ஓரடிப் பூவாகி அறையையே விழுங்கிவிடும். கரையில் இருக்கும் மெல்லிய கோடோ புள்ளியோ மட்டும் பொருந்தும். பழைய மல் வேட்டித் துணி அதைவிட நல்லது. நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, மடிப்பு விழும்படி ஊசிகளால் குத்திக் காயவிட்டால், சிறிய அளவிலும் துணி துணியாகவே தொங்கும். கடைக்குள் எல்லாவற்றையும் நிரப்ப முயலாதீர்கள். வாய் சுருட்டிய சாக்குகள் மூன்று, தராசு ஒன்று, கல்லாவுக்குப் பின்னால் சாமிப்படம் ஒன்று என்று தொடங்கி, மற்றவற்றைப் பேத்தியோடு சேர்ந்து ஆண்டு முழுதும் செய்யலாம்.

விளக்கு வைப்பதாக இருந்தால் மூன்று வோல்ட் எல்.இ.டி. போதும். பொத்தான் பேட்டரி மட்டும் வேண்டாம். வீட்டுக்கு வரும் சின்னக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும். இரண்டு ஏ.ஏ. பேட்டரிகள் அடங்கிய, மூடியைத் திருகாணியால் முடுக்கும் பெட்டியை வாங்கி அடித்தளத்துக்குக் கீழே பொருத்துங்கள். கம்பி போகும் துளைகளையும் பசைக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.