உப்புவெளியில் இருந்துகொண்டு ஒரு கோளைப் படிக்கலாமா?

வணக்கம் ஐயா,

உங்கள் அறிவியல் கட்டுரைகளை நானும் மகளும் சேர்ந்துதான் வாசிப்போம். நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. 2019 டிசம்பர் 26ஆம் திகதி வளையச் சூரிய கிரகணம் இங்கே தெரிந்தபோது அவள் சின்னப்பிள்ளை. அன்றைக்குப் பிடித்த வானப் பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி என்றே பேச்சு. பொறியியல் கிடைத்தாலும் வேண்டாம், பௌதிகவியல்தான் படிப்பேன் என்கிறாள்.

வீட்டில் பயப்படுகிறார்கள். என் தம்பி, "அந்தப் படமெல்லாம் கணினியில் நிறம் பூசினது, அதைப் பார்த்து மயங்காதே" என்று அவளிடம் சொல்கிறான். எனக்கு வேறு கவலை. பக்கத்தில் ஒரு வானாய்வகம் இல்லாத ஊரில் இருக்கிற பிள்ளைக்கு விண்வெளித் தொலைகாட்டி ஆராய்ச்சி எப்படிக் கைகூடும்? கொஞ்சம் காசு சேர்த்து ஒரு தொலைகாட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

*

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். நிறம் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. வெப் பார்ப்பது பெரும்பாலும் செங்கீழ்க் கதிர்களை. 0.6 மைக்ரோமீற்றரிலிருந்து 28 மைக்ரோமீற்றர் வரையான அலைநீளங்களை அது அளக்கும். நம் கண்ணுக்கோ 0.7க்கு மேல் ஏறக்குறைய எல்லாம் இருட்டு. ஆகவே வெவ்வேறு வடிகட்டிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அடுக்கி, நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை குலையாமல் நிறம் கொடுக்கிறார்கள். ஒரு கீர்த்தனையைச் சுருதி இறக்கிப் பாடுவது மாதிரி. ராகம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் மகளை இழுத்திருப்பது வெறும் படமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் வரைபும் எண்களும்தான். ஒரு உதாரணத்தை விரித்துச் சொல்கிறேன், மகளிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

வாஸ்ப்-39பி என்று ஒரு கோள். இங்கிருந்து ஏறத்தாழ 700 ஒளியாண்டு. திணிவு சனியைப் போல, பருமனோ வியாழனை விட அதிகம். தன் நட்சத்திரத்தை நாலு நாளில் ஒருமுறை சுற்றிவிடும். வெப்பநிலை 900 பாகை செல்சியஸ் அளவில். இந்தக் கோளை யாரும் ஒரு பொட்டாகக்கூடப் படமெடுத்ததில்லை. 2022 யூலையில் வெப் செய்தது இதுதான்: கோள் நட்சத்திரத்தின் முன்னால் கடக்கும் அந்தச் சில மணி நேரமும் நட்சத்திர ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்துகொண்டே இருந்தது. கடக்கும்போது ஒளி இரண்டு வீதம் அளவு குறைகிறது. 4.3 மைக்ரோமீற்றரில் அந்தக் குறைவு இன்னும் ஒரு துளி கூடுகிறது. காரணம், காபனீரொட்சைட்டு அந்த அலைநீளத்தை நன்றாக உறிஞ்சும். கோளைச் சுற்றியிருக்கும் வளி அந்த ஒளியை மறித்துவிடுவதால் கோள் கொஞ்சம் பெருத்துத் தெரிகிறது. நம் சூரியனுக்கு வெளியே ஒரு கோளின் வளியில் காபனீரொட்சைட்டு ஐயமில்லாமல் தெரிந்தது அதுவே முதல் தடவை.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். அந்தக் குறைவை அலைநீளத்துக்கு எதிராக வரைந்த வரைபில் 4 மைக்ரோமீற்றருக்குச் சற்று மேலே இன்னொரு சின்ன மேடு இருந்தது. அது அங்கே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சில மாதம் மண்டையை உடைத்த பிறகு, அது கந்தகவீரொட்சைட்டு என்று தெரிந்தது. நட்சத்திர ஒளி மேல்வளியில் விழுந்து மூலக்கூறுகளைப் பிரிக்க, அங்கே நடக்கும் தாக்கங்களில் அந்த வாயு உண்டாகிறது. நம் தலைக்கு மேலே ஓசோன் படை உண்டாவதும் ஒளி செய்கிற இதே வகை வேலைதான். உயர்தர இரசாயனவியல் படிக்கிற பிள்ளைக்கு இது புரியாத விஷயமே இல்லை. 700 ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கும் ஒரு இரசாயனத் தாக்கத்தை, காகிதத்தில் ஒரு மேடாகக் கண்டுபிடித்தார்கள். இதைவிடப் பெரிய அதிசயம் எந்த வண்ணப் படத்திலும் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். அந்தக் கோளின் தரவு எடுத்த கையோடு உலகத்துக்கே திறந்துவிடப்பட்டது. எல்லாத் தரவும் அப்படி வராது. ஒரு குழு விண்ணப்பித்துப் பெற்ற தரவு வழக்கமாக ஒரு வருடம் வரை அவர்கள் கையில் இருக்கும். அப்புறம் மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். காசு கேட்கமாட்டார்கள். வெப்புக்கு முந்திய விண்வெளித் தொலைகாட்டியான ஹப்பிள் 1990இல் ஏவப்பட்டது முதல் சேர்ந்த தரவெல்லாம் அங்கே கிடக்கிறது. ஹப்பிளின் பழைய தரவை வைத்து எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகள் புதிய அவதானிப்புகளிலிருந்து வருவதை விட அதிகம்.

வெப் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அதை இயக்கும் நிலையம் இருக்கிற பால்ரிமோரில் உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியாளரும் அதன் கண்ணாடியில் எட்டிப் பார்ப்பதில்லை. அவருக்கும் கோப்பாகத்தான் வருகிறது. உப்புவெளிக்கும் அதே கோப்புத்தான் வரும்.

தொலைகாட்டி நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் எந்த நாட்டவருக்கும் தடை இல்லை. போட்டி கடுமையானது. வெப்பின் நான்காவது விண்ணப்பச் சுற்றுக்கு 2,377 விண்ணப்பங்கள் போயின. கேட்கப்பட்ட நேரம் இருந்த நேரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆனால் 2018இலிருந்து ஹப்பிளுக்கும், தொடக்கத்திலிருந்தே வெப்புக்கும், விண்ணப்பித்தவர் யார், எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரியாமல்தான் தேர்வுக் குழு வாசிக்கிறது. கேள்வி நல்லதா என்பதை மட்டும் பார்க்கிறார்கள். நம் பக்கத்துப் பெண் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பொறியியலா பௌதிகவியலா என்பதில் நான் மகளின் பக்கம். ஆனால் சுலபம் என்று சொல்லமாட்டேன். பட்டத்தோடு நிற்காது, கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும், அதற்குப் பெரும்பாலும் வெளிநாடு. நிரந்தர வேலைகள் குறைவு. இதையெல்லாம் அவளிடம் மறைக்காமல் பேசுங்கள். அதே நேரம், இந்தத் துறையில் பழகும் கணிதமும் நிரலாக்கமும் வீணாகப் போவதில்லை. வழியில் மனம் மாறினாலும் அவற்றைக் கொண்டு வேறு வேலைக்குப் போகலாம்.

தொலைகாட்டி இப்போது வேண்டாம். மலிவானவை ஆட்டமாக ஆடும், பிள்ளைக்கு வெறுத்துப் போகும். பெரிய தொலைகாட்டி ஒன்றைப் பார்க்க ஆசையென்றால் கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. சேர்த்த காசில் ஒரு நல்ல இருகண் தொலைநோக்கி வாங்குங்கள், மிச்சத்தைக் கணினிக்கு வையுங்கள். நமக்கு ஒரு வாய்ப்பும் உண்டு, அதை நாம் கவனிப்பதில்லை. திருகோணமலை 8.6 பாகை வடக்கில் இருப்பதால், ஐரோப்பாவில் இருப்பவர்கள் காணாத தென்வானம் நமக்குத் தெரியும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, இரவு ஒன்பது மணியளவில், கொட்டியாரக் குடாப் பக்கமாகத் தெற்கே திரும்பிப் பார்க்கட்டும். தென்சிலுவைக்கு மேற்கே ஒரு மங்கலான திட்டு. அது கரீனா நெபுலா என்ற வாயு, தூசு முகில். 2022 யூலை 12ஆம் திகதி வெப்பின் முதல் படங்களில் ஒன்றாக வந்த அந்த மலைமுகடு போன்ற படம் அதன் ஓரத்தில் எடுத்ததுதான்.

கணினியில் என்ன செய்யலாம் என்று மகள் கேட்பாள். பைதன் என்ற நிரல் மொழி கொஞ்சம் பழகட்டும். லைட்கர்வ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு, கோள் தேடும் கெப்ளர், டெஸ் விண்வெளித் தொலைகாட்டிகளின் தரவைத் தானே இறக்கித் தரும். எச்ஏடி-பி-7 என்ற நட்சத்திரத்தின் கெப்ளர் தரவை எடுத்து, நேரத்துக்கு எதிராக ஒளியை வரையச் சொல்லுங்கள். ஒழுங்கான இடைவெளியில் பள்ளம் பள்ளமாக வரும். இரண்டு பள்ளத்துக்கு இடையே எத்தனை நாள் என்று அளக்கட்டும். பள்ளத்தின் ஆழத்தைப் பின்னமாக எழுதி வர்க்கமூலம் எடுத்தால், கோளின் ஆரை நட்சத்திரத்தின் ஆரையில் எத்தனை பங்கு என்று ஏறத்தாழ வந்துவிடும். நாள் கணக்கு 2.2 வர வேண்டும். வராவிட்டால் வரைபையும் எழுதிய நிரலையும் எனக்கு அனுப்பட்டும், எங்கே பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம்.