பச்சை குத்தும் மெஷினுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கேள்வி: முன்கையில் அம்மாவின் பெயரைத் தமிழில் பச்சை குத்திக்கொள்ள ஆசை. பெயர் பொன்னி. சிங்கப்பூர் ஃபார் ஈஸ்ட் பிளாசாவில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர் பழைய காயில் மெஷினில் 180 வெள்ளிக்குக் குத்துவதாகச் சொல்கிறார். மற்றவர் வயர் இல்லாத பேனா மெஷின், வலிக்காது என்று 280 கேட்கிறார். அந்த நூறு வெள்ளி தகுமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மெஷினுக்காக மட்டும் என்றால் தகாது.

காயில் மெஷினில் இரண்டு மின்காந்தச் சுருள்கள் ஓர் இரும்புத் துண்டை இழுத்து இழுத்து விடும்; ஊசி அதோடு மேலும் கீழும் போகும். ‘ங்ஙொய்ங்’ என்ற அந்தச் சத்தம் இதில்தான் வரும். ரோட்டரி என்ற இன்னொரு வகையில் சின்ன மோட்டார் சுழன்று ஊசியைத் தள்ளும். பேனா மெஷினும் ரோட்டரிதான், உருவம்தான் பேனா மாதிரி. சத்தமும் அதிர்வும் குறைவு என்பதால் குத்துபவரின் கைக்குச் சுகம். உங்கள் தோலுக்குள் போவது இரண்டிலும் அதே ஊசிதான், அதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். வலி என்பது இடத்தையும் நேரத்தையும் குத்துபவர் கையையும் பொறுத்தது. ‘வலிக்காது’ என்பது வியாபாரப் பேச்சு. மெஷினே இல்லாமல் ஊசியால் குத்திய பச்சை என் பாட்டி கையில் கடைசி வரை இருந்தது. வலித்ததா என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

கேட்க வேண்டியது ஊசியைப் பற்றி. பேனா மெஷினில் போடும் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி அடங்கிய சின்னக் கூடு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தி வீசுவது. உள்ளே மையும் ரத்தமும் மெஷினுக்குள் திரும்பிப் போகாமல் தடுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். காயில்காரர் உலோகப் பிடியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவர் என்றால், அதை ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்கிறாரா என்று கேளுங்கள். வெறுமனே ஸ்பிரிட்டால் துடைப்பது போதாது. மை தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். மிச்சம் பாட்டிலுக்குத் திரும்பக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை உங்கள் அம்மாவின் பெயர். குத்துபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் கணினி காட்டுவதைத்தான் குத்துவார். தமிழை ஒழுங்காகக் காட்டாத மென்பொருளில் ‘பொ’ சிதறும்: ‘ப’வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும், ‘ன்’ மேல் புள்ளி காணாமல் போகும். என் நண்பர் ஒருவர் மணிக்கட்டில் ஊதா நிற ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டும் மாதிரி) ஒட்டிய பிறகுதான் ‘ண’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ன’ இருப்பதைக் கவனித்தார். அது ஸ்டென்சில் என்பதால் துடைத்து மறுபடி ஒட்டினார்கள். ஆகவே பெயரை எழுத்தாக அனுப்பாமல் படமாகக் கொடுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், போனில் படம் எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், எழுத்து ரொம்பச் சின்னதாக வேண்டாம். மை வருடக்கணக்கில் கொஞ்சம் பரவும். ‘ன’வின் சுழிகள் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். நம் தோல் நிறத்தில் ஆறிய பச்சையின் படங்களை இரண்டு கடையிலும் கேளுங்கள். அன்றைக்கே எடுத்த பளபளப்பான படம் எதையும் சொல்லாது. யாருடைய கோடு ஆறிய பிறகும் சுத்தமாக இருக்கிறதோ, அவருக்குக் கொடுங்கள். அவர் 280 கேட்பவராக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

முன்பணம் கட்டுமுன் விலை, டச்-அப் (மங்கிய இடத்தை மறுபடி குத்துவது) இலவசமா, நாள் மாற்றினால் பணம் என்னாகும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுக்கும், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த வாட்ஸ்அப் செய்திதான்.